மூவாயிரம் ரூபாய் டிப்ஸ்

ஹோட்டல் லைனுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், டிப்ஸ் நிறைய வரணும்னா என்ன பண்ணணும்?" வெளியே ஒரு கல்யாண வீட்டில், ரயிலில் யாரையாவது பார்த்தால் அவர்கள் கேள்வி வேறு மாதிரி: "சார், நீங்க அந்த லைன்ல இருந்தவரு. டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்? பத்து பர்சன்ட்டா, அஞ்சு பர்சன்ட்டா?" முப்பத்தொரு வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் ஓய்வு பெற்றேன். இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. இப்படிச் சொன்னால் ரகசியத்தை மறைக்கிறேன் என்கிறார்கள். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அல்லவா மறைப்பதற்கு!

என் யோக்கியதையைக் கேளுங்கள். போன மாதம் என் வீட்டுக்காரியோடு கரையான்சாவடியில் ஒரு கடையில் டிபன் சாப்பிட்டேன். பில் வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இருபது வைத்தால் அந்தப் பையன் என்ன நினைப்பான், ஐம்பது வைத்தால் இவள் என்ன சொல்வாள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஐம்பதை வைத்தேன். "மூணு இட்லி, ஒரு பூரிக்கு அம்பது ரூபா டிப்ஸா? அவன் நம்ம கடன்காரனா?" என்று வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். திரும்பிப் போய் முப்பதை எடுத்துவரலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த அளவுக்குத்தான் என் அனுபவம்.

நான் சர்வராகச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே ஒரு கேப்டன் இருந்தார். ஹாலில் ஆர்டர் எடுத்து, சர்வர்களை வேலை வாங்குகிறவருக்கு எங்கள் லைனில் கேப்டன் என்று பெயர். அவர் ஒரு நாள், "கஸ்டமர் படி இறங்கிப் போற வரைக்கும் பில் ஃபோல்டரத் திறந்து பாக்காதே, அது பிச்சக்காரப் புத்தி" என்பார். மறுநாளே, "என்னய்யா, ஃபோல்டரத் திறந்து பாக்கலியா? க்ளீனர் தொடைக்கிற சாக்குல அள்ளிகினு போயிட்டானே!" என்று தலையில் அடித்துக்கொள்வார். இரண்டையும் ஒரே மாதிரி நம்பிக்கையோடு சொல்வார். "டிப்ஸையே நெனச்சுகினு பரிமாறினா சாம்பார் உன் கையிலதான் ஊத்தும்" என்று அவர் சொன்ன ஒன்று மட்டும் உண்மை. தழும்பு இன்னும் இருக்கிறது.

இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அந்த மூவாயிரம் ரூபாயைப் பற்றி. அதற்கு அப்புறம்தான் எனக்கு இந்தக் குழப்பம் முற்றிப்போனது.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் ஒரு ஃபேமிலி ரெஸ்டாரண்டில் கேப்டன். வார நாளில் கம்பெனி ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக் குடும்பங்கள். சேகர் என்று ஒரு சர்வர். கொரட்டூர்க்காரன். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவன். பதினைந்து வருஷம் என்னோடு வேலை செய்தவன். தனியாக இருக்கும்போது என்னை நீ, வா, போ என்பான், ஹாலுக்குள் வந்துவிட்டால் "கேப்டன், சொல்லுங்க." அந்த வித்தியாசத்தை ஒரு நாளும் மாற்றியதில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த டேபிளில் யாருக்கு எது என்று கேட்காமல் வைப்பான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். டிப்ஸ் யார் டேபிளில் வந்தாலும் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதில் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், டப்பாவைத் திறந்து பங்கு போடுவோம். சர்வருக்கு ஒரு பங்கு. மேசை துடைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு அரைப் பங்கு. கேப்டனுக்கு ஒன்றரை. நியாயமான ஏற்பாடு என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நியாயமில்லை என்று சொல்ல வரவில்லை.

ஒரு ஞாயிறு மதியம். வாசலில் இருபது பேர் டேபிளுக்காக நிற்கிறார்கள். உள்ளே எட்டுப் பேர் உள்ள ஒரு குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், சாஃப்ட்வேர் கம்பெனி ஆள். அவர் மனைவி, தம்பி குடும்பம், பிள்ளைகள், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த அவர் அம்மா. "அம்மா சுத்த சைவங்க. அவங்களுக்கு மட்டும் வெஜ் சூப். எங்களுக்கெல்லாம் சிக்கன்" என்று அவர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நான் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதலாளி கல்லாவிலிருந்து கூப்பிட்டார், பக்கத்து டேபிளில் ஒருவர் தயிர் கேட்டார், வாசலில் ஒரு அம்மா "எங்க நம்பர் எப்ப வரும்?" என்று சத்தம் போட்டார். நான் சிக்கன் சூப் எட்டு என்று எழுதிக் கிழித்து உள்ளே அனுப்பிவிட்டேன்.

சமையல்கட்டு வாசலில் சேகர் தட்டோடு நின்று என்னைக் கேட்டான். "கேப்டன், எட்டும் சிக்கனா? அந்தம்மா நெத்தில துன்னூறு இட்டுகினு கீறாங்க. இன்னொரு தபா கேட்டுட்டு வந்துடட்டா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுதினத எடுத்துக்கினு போய்யா, இருக்குற டென்ஷன்ல நீ வேற" என்றேன். திருநீறு பூசியவர்கள் எல்லாம் சைவம் சாப்பிடுகிறவர்களா என்று ஒரு நக்கல் வேறு அடித்தேன். அவன் போய்விட்டான்.

அந்த அம்மா இரண்டு ஸ்பூன் குடித்திருப்பார். மூன்றாவது ஸ்பூனில் நாராக ஏதோ வர, "கண்ணு, இதென்ன?" என்று மகனிடம் நீட்டினார். மருமகள் பார்த்துவிட்டு, "ஐயோ அத்தை, துப்புங்க, துப்புங்க" என்றார்.  அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குமட்டினார். மகன் எழுந்தார். பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் சேகர். பளார் என்று ஒரு அறை. தண்ணீர் ஜக் கீழே விழுந்து உருண்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சேகர் கன்னத்தைத் தொடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஆறடி தூரத்தில் சீட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன். சீட்டின் நகல் என் கையில். எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், உள்ளே சமையல் மாஸ்டருக்கும் தெரியும்.

ஓடினேன். கஸ்டமரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாரி சார், பெரிய தப்பு நடந்துபோச்சு சார், நான் பாத்துக்கறேன் சார்." அப்புறம் சேகரிடம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "உள்ள போ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். "உள்ள போ." இதற்கு இத்தனை பீடிகையா என்று உங்களுக்குத் தோன்றலாம். நெருக்கடி நேரத்தில் நாம் யோசித்துப் பேசுவதில்லை. வாயில் முதலில் எது வருகிறதோ அதுதான் நம் யோக்கியதை. நான் அவனை அனுப்பியது அவனைக் காப்பாற்றத்தான் என்று ராத்திரி படுத்துக்கொண்டு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவன் அங்கேயே நின்றிருந்தால் சீட்டைக் கொண்டா என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்காகத்தான் போகச் சொன்னேன்.

அந்த அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே மகனைத்தான் திட்டினார். "என்ன காரியம் பண்ணிப்போட்டே கண்ணு? பெரிய மனுசனப் போயி கை நீட்டலாமா? எனக்கு என்ன உசுரா போயிருச்சு?" மகன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். யாரும் அதற்கு மேல் சாப்பிடவில்லை. பில்லை போனில் கட்டினார்கள். குடும்பத்தைக் காரில் ஏற்றிவிட்டு அவர் மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏ.டி.எம்.முக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப வந்து, மேசை மேல் கிடந்த பில் ஃபோல்டரில் எதையோ வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். திறந்து பார்த்தால் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு.

எங்கள் கடையில் அதுவரை ஒரே டேபிளில் வந்த அதிகபட்ச டிப்ஸ் ஐந்நூறு. மூவாயிரத்தைப் பார்த்ததும் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். என்ன செய்வது கேப்டன் என்று கேட்டார்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எவ்வளவோ இருந்தன. இது டிப்ஸா? இல்லை, அடித்ததற்கு நஷ்ட ஈடா? டிப்ஸ் என்றால் எல்லாருக்கும். நஷ்ட ஈடு என்றால் சேகருக்கு மட்டும். மன்னிப்புக் கேட்கிற பணம் என்றால் வாங்கலாமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று சேகர்தான் சொல்ல வேண்டும். நான் ஒன்றையும் கேட்கவில்லை. "ஃபோல்டர்ல வந்தா டிப்ஸ்தானே? டப்பாவுல போடு" என்றேன். டிப்ஸ் என்று பெயர் வைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் இல்லையா! முதலாளியும், "கஸ்டமர் சமாதானமாயிட்டாரா? டிப்ஸ் வச்சாரா? அப்ப சரி" என்று விட்டுவிட்டார்.

அந்த வாரம் முழுக்க சேகர் வேலைக்கு வந்தான். பேசவில்லை. கேட்டதைக் கொண்டுவந்து வைத்தான். தனியாக இருக்கும்போதும் என்னை "நீங்க" என்றான். அதுதான் என்னைக் கொன்றது. நாலைந்து தரம் அவனிடம் போய் நின்றேன், "டீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை டப்பாவைத் திறந்தோம். கணக்குப் போட்டால் அந்த மூவாயிரத்தில் சேகருக்கு வந்தது இருநூற்று முப்பது ரூபாய். எனக்கு முந்நூற்று நாற்பத்தைந்து. தப்பு செய்தவனுக்கு ஒன்றரை, அடி வாங்கினவனுக்கு ஒன்று. எண்ணி வைக்கும்போதே எனக்குக் கை கூசியது. ஆனாலும் எண்ணினேன்.

சேகர் தன் பங்கை எடுக்கவில்லை. மேசை மேலேயே இருக்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடுத்துக்க சேகரு" என்றார் மாஸ்டர்.

"டிப்ஸ்னா எடுத்துப்பேன் மாஸ்டர். இது டிப்ஸா?" என்றான். பிறகு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "சரி, டிப்ஸுன்னே வச்சுக்குவோம். துட்ட பங்கு போட்டுக்கினீங்க, ரைட்டு. அடிய யாரு பங்கு போட்டுக்கறது?"

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முழுப் பணத்தையும் சேகருக்கே கொடுத்துவிடலாம் என்றான் ஒருவன். அந்த ஆளைக் கண்டுபிடித்து முகத்தில் விட்டெறியணும் என்றான் இன்னொருவன். பாத்திரம் கழுவுகிற மல்லிகா அக்கா மட்டும் தன் அரைப் பங்கை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நான் தரமாட்டேம்ப்பா. அன்னிக்கு அந்த எட்டு சூப்பு கிண்ணத்தயும் கழுவினது நானு. அடிச்சவன் எவனோ, எழுதினவன் எவனோ. நான் இன்னா பண்ணேன்?" என்றது. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. 'எழுதினவன்' என்று சொல்லும்போது அக்கா என்னைப் பார்த்ததா, மேசையைப் பார்த்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.  வாசலில் இரண்டு கஸ்டமர் வந்து நின்றார்கள். "வாங்க சார், வாங்க" என்று போய்விட்டேன்.

மறுநாள் சேகர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஞாயிறு மதியம் அவன் இல்லாமல் ஹால் என்ன பாடுபட்டது என்பதை விடுங்கள், அது உங்களுக்கே தெரியும். அவன் இனிமேல் வரமாட்டான் என்று சாயங்காலம் செய்தி வந்தது. ஏதோ கான்ட்ராக்டரிடம் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகிறானாம். முகூர்த்தம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. அவன் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அந்த சாஃப்ட்வேர்காரர் தனியாக வந்தார். சாப்பிட வரவில்லை. "அண்ணா, அவர் இருக்காருங்களா?" என்றார்.

"வேலைய விட்டுட்டார் சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் வச்சது அவருக்குக் கிடைச்சுதுங்களா?"

டப்பா, பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப அவருக்கு எவ்வளவுதான் போச்சு?" என்றார். இருநூற்று முப்பது என்றேன். அதையும் அவன் தொடவில்லை என்றேன்.

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கம்மியா வச்சுட்டனுங்களா? எவ்வளவு வைக்கணும்னே தெரியலீங்க. ஏ.டி.எம்ல நின்னு ஆயிரம்னு அடிச்சேன், கேன்சல் பண்ணுனேன். அஞ்சாயிரம்னு அடிச்சேன், ரொம்ப அதிகமா வச்சா அவரைக் கேவலப்படுத்தற மாதிரி ஆயிருமோன்னு அதையும் கேன்சல் பண்ணுனேன். நீங்களே சொல்லுங்க, எவ்வளவு வச்சிருக்கணும்?"

அவர் உண்மையாகவே கேட்டார். நான் ஒரு விலை சொன்னால் எடுத்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்று வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பில்லில் பத்து பர்சன்ட் டிப்ஸ் என்று புத்திமதி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; அறைக்கு எத்தனை பர்சன்ட்?

"சார், ரேட்டு இருக்கட்டும். அடி ஆள் மாறி விழுந்துடுச்சு சார்" என்றேன். "சிக்கன் எட்டுன்னு எழுதினவன் நான். நீங்க வெஜ்ஜுன்னு சொன்னது என் காதுல நல்லாவே விழுந்துச்சு. அவன் உள்ள வந்து சந்தேகம் கேட்டான். நான்தான் போய்யான்னு அனுப்பினேன்."

மன்னித்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மனிதர் எகிறிவிட்டார். "அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க? எட்டு நாளா எங்கம்மா என்கூடப் பேசறதில்ல! உங்களைத்தானுங்க நான் அடிச்சிருக்கணும்!" சொன்ன உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆமா சார்" என்றேன். 

அவர் காரிலேயே இருவரும் கொரட்டூருக்குப் போனோம். ஏரிக்கரைப் பக்கம் ஒரு சந்து.  சேகர் லுங்கியோடு வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, ஈரத்தைத் துண்டால் துடைத்தான். அந்தச் சமயத்திலும் துடைக்கிறான்.

 சாஃப்ட்வேர்காரர் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேகர்தான் முதலில் கேட்டான்: "அம்மாவுக்கு வயிறு சரியாச்சா சார்?"

அதைக் கேட்டதும் அந்த மனிதர் உடைந்துவிட்டார். சேகரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புங்க, தப்புங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "உடு சார், யார்னா பாக்கப்போறாங்க, உடு சார்" என்று சேகர் கூச்சப்பட்டான். அழுதுகொண்டே அந்த ஆள் இன்னொரு கையால் பர்ஸை எடுக்கிறார்! அவருக்கும் பாவம், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அத உள்ள வையி சார். எடுத்தீங்கன்னா நான் அப்பால டப்பாவுல போடணும்" என்றான் சேகர். அவர் அழுகை நடுவே சிரித்துவிட்டார். பர்ஸ் உள்ளே போனது.

என்னை அவன் இன்னும் பார்க்கவில்லை. நானே போய் நின்றேன். "சேகரு, எழுதினது நான். தப்பு என்னுது. எல்லாரையும் வச்சுகினு சொல்லியிருக்கணும்" என்றேன்.

"எழுதினது நீன்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல தப்பு வரத்தான் செய்யும். நானும்தான் எத்தினி தபா மாத்தி வச்சுகீறேன்" என்றான். "அவரு அடிச்சாரு, பெத்த தாய் வாந்தி எடுக்கறத பாத்துட்டு அடிச்சாரு. அத நான் அன்னிக்கே உட்டுட்டேன். நீ வருவேன்னு அங்கயே நின்னேன் பாரு. பக்கத்துல வந்து நிப்பேன்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா உள்ள போன்ன. எத்தினி வருசம்யா நம்ம பழக்கம்?"

 அவன் மனைவி மூவருக்கும் டீ கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் பழக்க தோஷம், மூன்று டம்ளரையும் நானே அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "வையி அங்க, கடைன்னு நெனச்சியா?" என்று பிடுங்கிக்கொண்டான். நாளைக்கு வருவாயா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றான். என்னை 'நீ' என்று சொன்னான் என்பதையே பெரிதாக நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, சீட்டு எழுதியது நான்தான் என்று சொன்னேன். முதலாளியும் இருந்தார். அவர் முகம் சுளித்துவிட்டு, "இனிமே கவனமா இருங்க" என்றார். மாஸ்டர், "தெரிஞ்ச கதைதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். எட்டு நாளாக நான் பயந்துகொண்டிருந்த விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது. இதற்கா இத்தனை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. என் முந்நூற்று நாற்பத்தைந்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சேகருக்குக் கொடுத்தால் அடிக்குக் கூலி மாதிரி ஆகும். டப்பாவில் போட்டால் திரும்பவும் ஒன்றரைப் பங்காக எனக்கே வரும். உண்டியலில் போடலாம் என்றால் சாமி எதற்கு இதில்? கடைசியில் அது எப்படிச் செலவானது என்றுகூட நினைவில்லை.

வியாழக்கிழமை சேகர் வந்தான். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு டேபிளுக்குத் தண்ணீர் வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து, அதே மாதிரி ஒரு ஞாயிறு. ஆவடியிலிருந்து ஒரு பெரியவர், எங்கேயோ வரவேற்புக்குப் போகிற வழியில், வெள்ளை வெளேர் என்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சேகர் பின்னால் நகரும்போது கால் இடறி, மட்டன் குழம்பு கிண்ணம் அவர் தோளில் கவிழ்ந்தது. இந்தத் தடவை தப்பு முழுக்க அவனுடையது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சேகர் சுவரோடு ஒட்டி நின்றான்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். "சார், நான் பின்னாலேர்ந்து இடிச்சுட்டேன் சார். என் தப்பு சார்" என்றேன். பச்சைப் பொய். நான் கல்லா பக்கத்தில் நின்றிருந்தேன். பாதி ஹால் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்வது சரியா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இங்கே கேட்காமலே பொய் சொல்கிறேன். பெரியவர் என்னைப் பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். எருமை என்றார். கண் பொட்டையா என்றார். இந்த வயசில் உனக்கெல்லாம் எதற்கு வேலை, வீட்டில் கிட என்றார். மல்லிகா அக்கா வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து தோளைத் துடைத்துவிட்டது. சேகரும் நகரவில்லை, என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றான்.

பெரியவர் கத்தி ஓய்ந்து, சாப்பிட்டு முடித்து, பில்லையும் கட்டினார். அத்தனை திட்டுத் திட்டியவர் ஃபோல்டரில் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் வைத்தார்? திட்டியது அதிகம் என்று தோன்றியதா, குழம்பு நன்றாக இருந்ததா, இல்லை வைத்துப் பழகின கையா? யாருக்குத் தெரியும்.

சேகர் அந்த இருபதை எடுத்தான். டப்பா பக்கம் போகவில்லை. நேராக வந்து, எல்லாரும் பார்க்க, என் சட்டைப் பையில் திணித்தான். "இது டப்பாவுக்கு இல்ல. இது உன்னுது" என்றான். அதுவும் ஹாலுக்குள் நின்றுகொண்டு 'உன்னுது' என்கிறான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகா அக்கா மட்டும் விடவில்லை. "அதெப்படி? சட்டய தொடச்சு உட்டது நானு. என் அரைப் பங்கு எங்க?" என்றது.

அடுத்த டேபிளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சேகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குடுத்துடலாங்க்கா," என்றான். "அவரு வாங்கின திட்டுல உன் பாதி எதுன்னு மட்டும் சொல்லு."